பிடிபடப் போனவர்

தேவாலயத்துத் தரைப்பலகைக்கு அடியில் குப்புறப் படுத்தபடி, பச்சை ஆப்பிளைச் சத்தம் வராமல் கடிப்பது எப்படி என்று லெப்டினன்ட் பென்ரோஸ் யோசித்துக்கொண்டிருந்தபோது, வெளியே முற்றத்தில் அவர் பெயரை உரக்கப் படித்தார்கள்.

கடி பாதியில் நின்றது.

"உன் பேருதானே?" என்று பக்கத்தில் படுத்திருந்த லெப்டினன்ட் ஸ்டப்ஸ் கிசுகிசுத்தார்.

"என் பேர்தான். என்னை எதுக்குக் கூப்பிடறான்? நான்தான் இங்கே இல்லியே!"

நியாயமான கேள்வி. கிராவென்ஃபெல்ஸ் கோட்டையின் ஜெர்மன் பதிவேட்டின்படி பென்ரோஸும் ஸ்டப்ஸும் ஆறு வாரத்துக்கு முன்பே தப்பி ஓடிவிட்டவர்கள். படுக்கை விரிப்புகளை முடிந்து மேற்குச் சுவரில் தொங்கவிட்டிருந்த கயிறு அதற்குச் சாட்சி. ஜெர்மன்காரர்கள் நாய்களை விட்டு மூன்று நாள் காடெல்லாம் தேடினார்கள். நாய்கள் இளைத்ததுதான் மிச்சம். இரண்டு பேரும் கயிற்றைத் தொங்கவிட்ட கையோடு தேவாலயத்துக்குள் வந்து, பலகையைத் தூக்கி, உள்ளே படுத்துக்கொண்டார்கள்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. கோட்டையில் ஒரு நாளைக்கு மூன்று முறை கைதிகளின் தலையை எண்ணுவார்கள். யாராவது நிஜமாகவே ஓடினால் அடுத்த எண்ணிக்கையில் ஒரு தலை குறையும். உடனே மணி அடிக்கும். ஓடியவன் பக்கத்து ஊரைத் தாண்டுவதற்குள் பிடிபடுவான். குறைகிற தலைக்குப் பதிலாக வரிசையில் போய் நிற்க, கணக்கில் வராத இரண்டு தலைகள் கையிருப்பில் இருந்தால் நல்லது என்று ஆங்கிலேயக் கைதிகளின் தப்பிப்புக் கமிட்டி தீர்மானம் போட்டது. அந்தத் தலைகளுக்கு 'ஆவிகள்' என்று பெயர் வைத்தார்கள்.

ஆவியாக இருப்பதில் பெருமை உண்டு, ரொட்டி கிடையாது. ரேஷனில் பெயர் இல்லாததால் மற்றவர்கள் கிள்ளிக் கொடுப்பதுதான் சாப்பாடு. சவரம் கிடையாது. உட்கார இடம் கிடையாது. பேச்சு மட்டும் உண்டு, அதுவும் கிசுகிசுப்பாக. ஆறு வாரத்தில் பென்ரோஸ் தன் கதை முழுவதையும் ஸ்டப்ஸுக்குச் சொல்லி முடித்து, இரண்டாம் முறையும் சொல்லிக்கொண்டிருந்தார். பால் குடித்தால் வயிறு எரியும் என்பதிலிருந்து, தான் போருக்குக் கிளம்பிய பிறகு பிறந்த மகள் நோரா, ஒரு காது அறுந்த துணி முயலைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவாள் என்பது வரைக்கும். ஸ்டப்ஸ் அலுக்காமல் கேட்பார். சில இடங்களில் "அந்த முயலுக்கு எந்தக் காது, இடதா வலதா?" என்று குறுக்குக் கேள்வியும் போடுவார்.

"உன் கதையைச் சொல்லேன்" என்று பென்ரோஸ் கேட்டால், "எனக்கென்னப்பா கதை? ஒரு அத்தை, ஒரு நாய். அத்தைக்கு என்னைப் பிடிக்காது, நாய்க்கு அத்தையைப் பிடிக்காது" என்று முடித்துக்கொள்வார்.

வெளியே கோட்டைத் தலைவரான கர்னலின் குரல் தொடர்ந்தது. வசந்த காலத்தில் ஸ்விஸ் மருத்துவர்கள் வந்து கைதிகளின் வயிற்றையும் நெஞ்சையும் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள் அல்லவா, அதன் முடிவு வந்துவிட்டதாம். நோயாளிகள் ஐந்து பேரை இங்கிலாந்துக்கே திருப்பி அனுப்புகிறார்களாம். ஐந்தாவது பெயர் பென்ரோஸ், வயிற்றுப் புண்.

"லெப்டினன்ட் பென்ரோஸ் கொஞ்சம் பொறுமையா இருந்திருந்தா, நாங்களே டிக்கெட் வாங்கிக் குடுத்து அனுப்பியிருப்போம்" என்றார் கர்னல். ஜெர்மன்காரர்கள் சிரித்தார்கள். "வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ரயில். அதுக்குள்ள அவர் பிடிபட்டா, அவரையும் ஏத்தி அனுப்புவேன். பட்டியல் மேலிடத்துப் பட்டியல். அதை மாத்த எனக்கு அதிகாரம் கிடையாது."

பென்ரோஸ் எழுந்து உட்காரப் போய் நெற்றியைப் பலகையில் இடித்துக்கொண்டார். கண்ணில் நீர் வந்தது. இடித்ததால் மட்டும் வந்த நீர் அல்ல. வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவருக்கு வெட்கமில்லாத ஆசை. மூன்று வயதாகிவிட்ட மகளை இன்னும் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அன்று திங்கட்கிழமை.

மதியம் கமிட்டி கூடியது. மேஜர் பார்ட்லெட் தலைமை. ஒருவர் நடவடிக்கைக் குறிப்பு எழுதினார். எதிரியின் சிறையில், எதிரிக்குத் தெரியாமல் கூடும் கூட்டமாக இருந்தாலும், முந்தைய கூட்டத்தின் குறிப்பைப் படித்து ஒப்புதல் வாங்காமல் மேஜர் ஒரு வார்த்தை பேச மாட்டார்.

"சார், நான் இப்பவே போய் முற்றத்துல நின்னுடறேன். 'இதோ இருக்கேன்'னு சொல்லிடறேன்" என்றார் பென்ரோஸ்.

"சொல்லு. 'இத்தனை நாள் எங்கே இருந்தே'ன்னு கேப்பான். என்ன சொல்லுவே?"

"ஏதாவது சொல்றேன்."

"நீ ஏதாவது சொல்லுவே, அவன் எல்லாப் பலகையையும் பேத்துப் பாப்பான். ஸ்டப்ஸ் போச்சு. ஆவி வித்தை போச்சு. அடுத்த மாசம் ஆறு பேர் போற திட்டமும் போச்சு. உன் ஒருத்தன் வயித்துக்காக ஆறு பேர் திட்டத்தைக் கெடுக்க முடியாதுப்பா."

பென்ரோஸ் தலையைத் தொங்கப்போட்டார். அறையில் எல்லோரும் அவரை நிஜமான ஆவியைப் பார்ப்பது போலப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

அப்போது ஸ்டப்ஸ் தொண்டையைச் செருமினார். "சார், இவன் உள்ளே பிடிபட்டாத்தானே வம்பு? வெளியே போய்ப் பிடிபட்டா?"

குறிப்பு எழுதியவரின் பென்சில் நின்றது.

"அதாவது, கோட்டையிலேருந்து தப்பிக்கணும்" என்றார் மேஜர் மெதுவாக.

"ஆமா சார்."

"பிடிபடறதுக்காக."

"ஆமா சார்."

"திரும்பி இங்கேயே வர்றதுக்காக."

"இங்கேருந்து வீட்டுக்குப் போறதுக்காக சார்."

திட்டத்தில் ஓட்டை இல்லை. ஆனால் வழியில் தகராறு இருந்தது. அப்போதைக்குக் கோட்டையை விட்டு வெளியேற ஒரே ஒரு நல்ல வழிதான் உண்டு. செவ்வாய்க்கிழமைதோறும் நைந்துபோன வைக்கோல் மெத்தைகளை, வேறு வைக்கோல் அடைப்பதற்காக, கீழே ஊரிலிருக்கும் மெத்தைக் கடைக்கு ஒரு மாட்டு வண்டியில் ஏற்றிப் போவார்கள். மெத்தைக்குள் ஓர் ஆளை வைத்துத் தைத்துவிடலாம். மாதத்துக்கு ஒருவர்தான். அதற்கு ஒரு வரிசை இருந்தது. ஆங்கிலேயர்கள் சாப்பாடில்லாமல் இருப்பார்கள், சவரம் இல்லாமலும் இருப்பார்கள். வரிசை இல்லாமல் இருக்க மாட்டார்கள்.

"பதினாலு மாசமா மெத்தைக்காகக் காத்துட்டு இருக்கேன்!" என்று ஒரு கேப்டன் எழுந்து கத்தினார். "நிஜமா ஓடறதுக்கு. பிடிபடறதுக்குன்னே போறவனுக்கு மெத்தையா? இது என்ன சார் நியாயம்?"

"அடுத்த முறை யாரோடது?" என்று மேஜர் கேட்டார்.

குறிப்பு எழுதியவர் தாளைப் புரட்டினார். "ஸ்டப்ஸோடது சார். ஆவியா இருக்கறதுக்குப் பரிசா நாமதான் குடுத்தோம்."

எல்லோரும் ஸ்டப்ஸைப் பார்த்தார்கள்.

"என் முறையைப் பென்ரோஸுக்கே குடுத்துடறேன். அவனுக்குப் பொண்ணு இருக்கு. எனக்கு அத்தைதானே" என்றார் ஸ்டப்ஸ்.

மேஜர் பார்ட்லெட் மூக்கைச் சிந்தினார். ஸ்டப்ஸின் பெருந்தன்மையைக் குறிப்பில் ஏற்றச் சொன்னார். ஏகமனதாக நிறைவேறியது. கத்திய கேப்டன்கூடக் கையைத் தூக்கினார்.

அன்று மாலை பலகைக்கு அடியில் ஸ்டப்ஸ் எல்லா யோசனைகளையும் சொல்லிக் கொடுத்தார்.

"சாதாரண சட்டை போட்டுக்கிட்டுப் பிடிபடாதே. உளவாளின்னு சுட்டுடுவாங்க. நம்ம ராணுவ உடுப்பையே போட்டுக்கோ."

"சரி."

"தாடியை எடுக்காதே. ஆறு வாரம் காட்டுல திரிஞ்சவனுக்குத் தாடி இல்லேன்னா எப்படி?"

"சரி."

"முக்கியமா, பக்கத்துல பிடிபட்டுடாதே. ஆறு வாரம் ஓடினவன் கோட்டை வாசல்லயா இருப்பான்? குறைஞ்சது நாப்பது கிலோமீட்டர் போயிடு. புதன்கிழமை மத்தியானம் பிடிபடு. வியாழக்கிழமை இங்கே கொண்டாந்து விட்டுடுவான். வெள்ளிக்கிழமை ரயில்."

இப்படி ஒரு நண்பன் கிடைக்க, சிறைக்கு வந்தாலும் தகும் என்று பென்ரோஸுக்குத் தோன்றியது. ஊருக்குப் போனதும் ஸ்டப்ஸின் அத்தையைப் போய்ப் பார்த்து நாலு நல்ல வார்த்தை சொல்வதாக வாக்குக் கொடுத்தார்.

மறுநாள் காலை ஸ்டப்ஸே அவரை எழுப்பினார். இருவரின் கழுத்துத் தகடுகளும் சுவரில் ஓர் ஆணியில் தொங்கின. பெயரும் எண்ணும் அடித்த தகடுகள். தவழும்போது சத்தம் கேட்கக் கூடாது என்று ஆவிகள் அவற்றைக் கழற்றி வைத்துவிட வேண்டும் என்பது கமிட்டியின் உத்தரவு. ஸ்டப்ஸ் இருட்டில் தடவி ஒன்றை எடுத்துப் பென்ரோஸின் கழுத்தில் மாட்டி, சட்டைக்குள் திணித்துப் பொத்தானையும் போட்டுவிட்டார்.

"இதைத் தொலைச்சிடாதே. கோட்டைக்காரங்க கேட்டாத் தவிர வெளியே எடுக்காதே, வெளியாளுக்கு இது புரியாது. நீ யாருன்னு காட்டறதுக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

பிறகு அவரை மெத்தைக்குள் அழுத்தி, வைக்கோலைத் திணித்து, ஊசி நூலால் தைத்தார். தையல் அழகாக இருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

கோட்டை வாசலில் வண்டி நின்றது. பிக்கல் என்ற கிழட்டுக் காவலாளி ஒரு நீளக் கம்பியோடு வந்தார். மெத்தைகளைக் குத்திப் பார்ப்பது அவர் வேலை. முழங்கால் வலியால் குனிய முடியாதவர், ஆகவே எப்போதும் மேல் மெத்தையை மட்டும் குத்துவார். இந்த விவரமும் கமிட்டியின் குறிப்பில் இருந்தது. பென்ரோஸ் அடியில் இருந்தார்.

வண்டி மலைச்சரிவில் குலுங்கிக்கொண்டு இறங்கும்போது, பக்கத்து மெத்தை தும்மியது போல இருந்தது. பென்ரோஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினார். மறுபடி ஒன்றும் கேட்கவில்லை. வண்டிக்காரனாக இருக்கும் என்று விட்டுவிட்டார். வைக்கோலுக்குள் தைக்கப்பட்ட மனிதனுக்கு என்னென்னவோ கேட்கும்.

மெத்தைக் கடையின் கொல்லையில் தையலைப் பிரித்துக்கொண்டு வெளியே வந்து, சுவரேறிக் குதித்து, நடக்க ஆரம்பித்தார். காட்டுப் பாதை, ஓடைக் கரை, பீட்ரூட் வயல். நாற்பது கிலோமீட்டர் என்று ஸ்டப்ஸ் சொன்னதால் நாற்பத்திரண்டு நடந்தார். புதன்கிழமை பதினோரு மணிக்கு ஒரு சின்ன ஊரின் சந்தைத் தெருவுக்கு வந்து, நட்டநடுவில், ஆங்கிலேய ராணுவ உடுப்போடு நின்றார்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முட்டைக்கோசு வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, "கொஞ்சம் நகருங்க" என்றாள். நகர்ந்தார். எதிரே தொப்பையும் மீசையுமாக ஒரு போலீஸ்காரர் வந்தார். பென்ரோஸ் நெஞ்சை நிமிர்த்தினார். போலீஸ்காரர் விறைத்து நின்று சல்யூட் அடித்துவிட்டு, தன் வழியே போனார்.

பென்ரோஸ் பின்னால் ஓடினார். பள்ளியில் படித்த ஜெர்மன் மொழியெல்லாம் அப்போது கைகொடுத்தது.

"ஐயா! நான் இங்கிலீஷ்காரன். தப்பி வந்த கைதி."

போலீஸ்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அடையாளச் சீட்டு இருக்கா?"

"கைதிகிட்ட ஏதுய்யா சீட்டு?"

"சீட்டு இல்லாம நீங்க கைதின்னு நான் எப்படி நம்பறது?"

"உடுப்பைப் பாருங்க!"

"உடுப்பா?" போலீஸ்காரர் அலுப்போடு மீசையைத் துடைத்துக்கொண்டார். "இந்த நாட்டுல இன்னிக்குத் தபால்காரனுக்கு ஒரு உடுப்பு, காட்டிலாகாவுக்கு ஒரு உடுப்பு, ருமேனியாக்காரன், ஹங்கேரிக்காரன், பேர் தெரியாதவன் எல்லாருக்கும் ஒரு உடுப்பு. போன மாசம் இப்படித்தான் ஒருத்தனை எதிரின்னு நெனச்சு விலங்கு மாட்டிட்டேன். ஹங்கேரிக் கர்னல் அவன்! எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு போச்சு. மறுபடியும் நான் ஏமாற மாட்டேன், கர்னல் ஐயா."

"நான் கர்னல் இல்லைய்யா. லெப்டினன்ட்!"

"அவரும் இப்படித்தான் சொன்னாரு" என்று சொல்லிவிட்டு, இன்னொரு சல்யூட் அடித்துவிட்டு, போலீஸ்காரர் அவசரமாகச் சந்துக்குள் மறைந்தார்.

பென்ரோஸ் நொந்துபோனார். பிறகு ஒன்று தோன்றியது. குற்றம் செய்தால்? குற்றவாளியைப் பிடிக்கச் சீட்டு வேண்டாமே. கடை வாசலில் ஒரு சைக்கிள் சாய்ந்து நின்றது. சொந்தக்காரக் கிழவர் பக்கத்திலேயே நின்று புகைபிடித்துக்கொண்டிருந்தார். பென்ரோஸ் அவர் கண்ணெதிரே சைக்கிளை எடுத்தார். மெதுவாக, நன்றாகத் தெரியும்படி எடுத்தார்.

"யோவ்!" என்றார் கிழவர்.

"ஆமா, திருடறேன்" என்றார் பென்ரோஸ் சந்தோஷமாக. "கூப்பிடுங்க போலீஸை."

"ரசீது யாரு குடுப்பா?"

"என்ன ரசீது?"

"ராணுவத்துக்குன்னு குதிரையைக் கொண்டு போனீங்க, ரசீது தரல. வண்டியைக் கொண்டு போனீங்க, தரல. சைக்கிளுக்காவது எழுதிக் குடுத்துட்டுப் போங்க. சண்டை முடிஞ்சா நான் யார்கிட்டப் போய் நிப்பேன்?" கிழவரே ஒரு தாளையும் பென்சிலையும் நீட்டினார். கண் கலங்கியிருந்தது.

பென்ரோஸ் என்ன செய்வார்? எழுதிக் கொடுத்தார். கிழவர் ரசீதை மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு, சக்கரத்துக்குக் காற்று அடித்துக் கொடுத்து, "பின் சக்கரத்தைப் பாத்துக்கோங்க, கொஞ்சம் கோணல்" என்று வழியனுப்பினார்.

ஆக, புதன்கிழமை மத்தியானத்துக்குள் பிடிபட்டிருக்க வேண்டியவருக்கு, சாயங்காலம் சொந்தமாக ஒரு சைக்கிள் இருந்தது.

இனிப் பொறுக்க நேரமில்லை. ஒரு பீர்க் கடைக்குள் நுழைந்தார். பத்துப் பதினைந்து பேர் மேசைகளில் இருந்தார்கள். பென்ரோஸ் நாற்காலி மேல் ஏறி நின்று, "இங்கிலாந்து மன்னர் வாழ்க!" என்று கத்தினார்.

கடை கப்பென்று அடங்கியது. ஒருவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். இன்னொருவர் ஜன்னலை இழுத்து மூடினார். சரி, இப்போது அடி விழும், அதன் பிறகு போலீஸ் வரும் என்று பென்ரோஸ் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். கடைக்காரி வந்து அவர் கையைப் பிடித்துப் பூப்போல இறக்கினாள்.

"எந்த ஊர்ப்பா உனக்கு? குண்டு விழுந்த ஊரா?"

"நான் இங்கிலீஷ்காரம்மா!"

"ஷ்ஷ்! எங்க அண்ணனும் இப்படித்தான். வீடு இடிஞ்சதுலேருந்து தன்னைப் போப்பாண்டவர்னு சொல்லிட்டுத் திரியறான்." அவள் மற்றவர்களைப் பார்த்தாள். "யாரும் எதுவும் கேக்கல. சரிதானே?"

"நான் ஒண்ணுமே கேக்கல" என்றார் ஒருவர். "எனக்குக் காதே கேக்காது" என்றார் இன்னொருவர்.

ஒரு கிண்ணம் டர்னிப் சூப்பும் கறுப்பு ரொட்டியும் கொடுத்து, பின்கட்டில் ஒரு படுக்கையும் போட்டுக் கொடுத்தார்கள். தெருவில் போலீஸ்காரர் போனபோது கடைக்காரியே அவர் மேல் ஒரு போர்வையை இழுத்துப் போட்டு மறைத்தாள். ஜெர்மனியில் இத்தனை அன்பு இருக்கும் என்று பென்ரோஸ் எதிர்பார்க்கவில்லை. இதைப் போய் இந்த வாரமா காட்ட வேண்டும் என்று அழுகையாக வந்தது.

வியாழக்கிழமை காலை கடைசி ஆயுதத்தை எடுத்தார். டிக்கெட் வாங்காமல் ரயிலேறினார். ஜெர்மன் டிக்கெட் பரிசோதகர்கள் பெற்ற தாயையும் விட மாட்டார்கள் என்று கோட்டையில் எல்லோருக்கும் தெரியும். எத்தனையோ நல்ல தப்பித்தல்களை அவர்கள்தான் கெடுத்திருக்கிறார்கள்.

பரிசோதகர் வந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"டிக்கெட் இல்லை" என்றார் பென்ரோஸ், கைகளைச் சேர்த்து நீட்டியபடி.

"ஐயோ, உங்களுக்கு எதுக்கு டிக்கெட்?" பரிசோதகர் பதறினார். "நட்பு நாட்டு அதிகாரிங்களுக்கு இலவசம்னு செவ்வாய்க்கிழமைதான் உத்தரவு வந்துச்சு. நீங்க இந்தப் பெட்டியில நிக்கறதை மேலதிகாரி பாத்தா என் வேலை போயிடும். வாங்க, வாங்க."

முதல் வகுப்பில் உட்கார வைத்து, யாரும் தொந்தரவு செய்யாமலிருக்க வெளியே பூட்டிக்கொண்டும் போனார். சைக்கிளைப் பத்திரமாகச் சாமான் பெட்டியில் ஏற்றினார். அது விரைவு ரயில். எழுபது கிலோமீட்டருக்கு எங்கும் நிற்காது. கோட்டைக்கு எதிர்த் திசையில் போனது.

பூட்டைத் திறந்து இறக்கிவிட்டபோது மணி பன்னிரண்டு. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ரயில். கோட்டை நூற்றுப் பத்துக் கிலோமீட்டரில் இருந்தது. பிடிக்க ஆள் இல்லையென்றால் தானே போய்ச் சேர வேண்டியதுதான் என்று பென்ரோஸ் முடிவு செய்தார். பிடிபட்டது எங்கே என்று கேட்டால், வாசலில் என்று சொல்லிக்கொள்ளலாம். ஸ்டப்ஸ் கோபித்துக்கொள்வார். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

மிதித்தார். மிதித்துக்கொண்டே இருந்தார். கோணல் சக்கரம் கிழவர் சொன்னபடியே தன் வேலையைக் காட்டியது. இருட்டியதும் ஒரு வைக்கோல் கொட்டகையில் படுத்து, விடிவதற்குள் எழுந்து, மறுபடி மிதித்தார். வழியில் இரண்டு சோதனைச் சாவடிகள் வந்தன. இரண்டிலும் சல்யூட் அடித்தார்கள். ஒன்றில் அவசரமாகப் போகிறவரை நிறுத்தியதற்கு மன்னிப்பும் கேட்டார்கள். வயிறு எரிந்தது. முழங்கால் விட்டுப் போயிற்று. 'நோரா, நோரா' என்று சொல்லிக்கொண்டே மிதித்தார். மகளின் முகம் தெரியாததால் காது அறுந்த முயலை நினைத்துக்கொண்டார்.

மலையேற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கோட்டை வாசலில் வந்து விழுந்தபோது, வாசல் கடிகாரம் ஒன்பது முப்பத்தைந்து காட்டியது. அடிவாரத்து ரயில் நிலையத்துக்கு லாரியில் பத்தே நிமிடம். இன்னும் நேரம் இருந்தது!

"கதவைத் திறங்க! என்னை உள்ளே விடுங்க!" என்று கத்தினார்.

காவல் கூண்டிலிருந்து கிழட்டுப் பிக்கல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். "அனுமதிச் சீட்டு?"

"நான் கைதிய்யா! இந்தக் கோட்டைக் கைதி!"

"அதெல்லாம் சரி. வெளியே போகணும்னாலும் சீட்டு வேணும், உள்ளே வரணும்னாலும் சீட்டு வேணும். நாலு வருஷமா உள்ளேயிருந்து ஓடறவங்களைப் பாத்திருக்கேன். உள்ளே வரணும்னு கத்தறவரை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"என் பேர் அந்தப் பட்டியல்ல இருக்கு! ரயில் பத்து மணிக்கு! கர்னலைக் கூப்பிடுங்க, கெஞ்சிக் கேக்கறேன்!"

"பதறாதீங்க. தகடு இருக்கா?"

பென்ரோஸ் சட்டைப் பொத்தானைப் பிய்த்துக்கொண்டு கழுத்துத் தகட்டை வெளியே இழுத்து நீட்டினார். பிக்கல் அதைக் கையில் வாங்கி, கண்ணுக்கு எட்டத் தள்ளிப் பிடித்து, எழுத்து எழுத்தாக உதட்டை அசைத்துப் படித்தார். பிறகு கூண்டுக்குள் போய்ப் பதிவேட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, வந்துட்டீங்களா! உங்களைத்தான் இன்னும் காணோம்னு சொல்லிட்டு இருந்தோம்."

"நான்தான், நான்தான்! லாரி எங்கே? சீக்கிரம்! என் பொண்ணு காத்துட்டு இருப்பா!"

பிக்கலின் கை பூட்டில் அப்படியே நின்றது. அவர் பென்ரோஸை இரக்கத்தோடு பார்த்தார்.

"பொண்ணா? உங்களுக்கு ஒரு அத்தையும் நாயும் தவிர யாருமே இல்லைன்னு, செவ்வாய்க்கிழமை மெத்தைக் கடை வாசல்ல பிடிபட்ட பென்ரோஸ் சார் சொன்னாரே. பாவம் மனுஷன், இன்னிக்குக் காலையில லாரி ஏறும்போது நோரா, நோரான்னு பொண்ணு பேரைச் சொல்லி அழுதாரு பாருங்க, எனக்கே தாங்கல... வாங்க, உள்ளே வாங்க, ஸ்டப்ஸ் சார்."